இரண்டு உளவாளிகளும் எங்கள் சித்தப்பாவும்

இதை என் வயதுக்காரர்களிடம்தான் சொல்லலாம். ஒரு படம் பார்ப்பதற்காகக் கடைக்கு நடந்துபோய், அலமாரியில் இருந்த வெற்றுப் பெட்டியைக் கொடுத்து, கசட் வைத்த பெட்டியாக வாங்கிவந்த காலத்தை நீங்கள் கண்டவர்கள். வீடியோ டெக் கசட்டை உள்ளே இழுக்கும்போது எழும் உறுமல், சூடேறிய பிளாஸ்டிக் மணம், முதல் இரண்டு நிமிடம் திரையில் ஓடும் வெள்ளைக் கோடுகள், இதையெல்லாம் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இப்போது நமக்குப் பிரஷர் மாத்திரையும் வாசிக்கும் கண்ணாடியும் ஒரே மேசையில் கிடக்கின்றன. நான் சொல்வது எண்பதுகளின் நடுவில் வந்த ஒரு கோடை விடுமுறை. நான் அப்போது பதினொரு வயதுச் சிறுமி. லண்டனில், பிளேஸ்டோவில் வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். என் உலகத்தில் இரண்டே இரண்டு உளவாளிகள் இருந்தார்கள்.

படத்தில் அவர்களுக்குப் பெயர்கள் உண்டு. நாங்கள் வைத்த பெயர்கள் வேறு. ஒருவன் கோட்டுக்காரன். ஹெலிகொப்டரிலிருந்து விழுந்தாலும் அவனுடைய தலைமயிர் கலையாது. ஒவ்வொரு படத்திலும் ஒரு தீவு, ஒரு பனிமலை, வெடிக்கக்கூடிய ஏதோ ஒரு சின்னச் சாமான். மற்றவன் மழைக்கோட்டுக்காரன். அவன் பஸ்ஸில் போவான். ஒரு ஆளைப் பின்தொடர்ந்தால் பாதிப் படம் அதிலேயே போகும். கடைசியில் அவனை வேலைக்கு அனுப்பிய கந்தோரே அவனைக் கைவிடும்.

இரண்டையும் எடுத்தவை வெவ்வேறு கொம்பனிகள். ஒன்று படம் விட்டால் அடுத்த ஆண்டு மற்றது விடும். என் மாமியின் மகள், என்னைவிட ஒரு வயது மூத்த மச்சாள், கோட்டுக்காரன் கட்சி. நான் மழைக்கோட்டுக்காரன் கட்சி. அவள் வீடு இரண்டு தெரு தள்ளி. விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில்தான் கிடப்பாள்.

"உன்ர ஆள் படம் முழுக்க பஸ்ஸுக்கு நிக்கிறான்" என்பாள்.

"உன்ர ஆளுக்கு ஒருநாளும் பசிக்கிறேல்லை. சாப்பிடாத மனுசன் என்ன மனுசன்?"

பாதிச் சண்டை ஆங்கிலத்தில் நடக்கும். கோபம் முற்றினால் தமிழுக்கு வரும்.

அந்த வயதிலேயே ஒன்றைக் கவனித்திருந்தோம். மழைக்கோட்டுக்காரனுக்குக் கூட்டம் சேர்ந்ததும், அடுத்த படத்தில் கோட்டுக்காரனின் சிநேகிதன் செத்துப்போனான். முதல்முறையாகக் கோட்டுக்காரன் அழுதான், கையில் இரத்தம் வந்தது. "பாத்தியா, என்ர ஆளைப் பாத்துப் பழகிறான்" என்று நான் துள்ளினேன். அடுத்த ஆண்டு என் ஆள் மழைக்கோட்டோடு மோட்டார் படகு ஓட்டினான். மச்சாள் கட்டிலில் விழுந்து சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. என் வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது போல.

தொண்ணூறுகளில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, இரண்டு வரிசையிலும் கடைசியாக வந்த படங்களைத் தியேட்டரில் சேர்ந்து பார்த்தோம். படங்களில் வந்த எதிரி நாடுகள் அதற்குள் இல்லாமலே போயிருந்தன. ஆனாலும் கொம்பனிகள் ஒன்றையொன்று பார்ப்பதை விடவில்லை. கோட்டுக்காரன் மழையில் நனைந்து தெருத்தெருவாக நடந்தான். மழைக்கோட்டுக்காரன் தீவில் குதித்தான். பாதியில் உள்ளே வந்தவருக்கு எது யாருடைய படம் என்று தெரிந்திருக்காது. ஒன்றை மட்டும் மறுக்கக் கூடாது: இரண்டு பக்கத்திலும் ஆகச் சிறந்த படம், மற்றவன் முந்திவிடுவானோ என்ற பயத்தில் எடுத்த படம்தான். ஆனால் அந்தப் பயம் நீண்டகாலம் இருந்தால் மனிதர் தாம் யார் என்பதை மறந்துபோகிறார்கள். எனக்கு அது படங்களைப் பார்த்து விளங்கியதல்ல. அந்தக் கோடையிலேயே விளங்கியது.

சித்தப்பா எங்களிடம் வந்தது அதற்கு முந்திய குளிர்காலத்தில். அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி. இருபத்துநாலு வயது இருக்கும். போர் நடந்த ஊரிலிருந்து பல நாடு சுற்றி, பல மாதம் கழித்து வந்து சேர்ந்தார். அப்பா அவரைக் கடைசியாகக் கண்டபோது அவர் அரைக் காற்சட்டைப் பையன். மாடிப்படி ஏறியதும் இருக்கும் சின்ன அறையை அவருக்குக் கொடுத்தார்கள். கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத அறை. சுவரில் ஈரம் ஊறிப் பச்சையாகப் பூத்திருக்கும்.

முதலில் நன்றாகத்தான் இருந்தார். என் தங்கச்சிக்கு ஆறு வயது, அவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். சித்திரை மாதமளவில் அவர் மாறிப்போனார். தனக்கென்று ஒரு பிளேட்டும் கோப்பையும் வாங்கிவந்தார். சாப்பிட்டதும் தானே கழுவி அறைக்குக் கொண்டுபோய்விடுவார். தங்கச்சி மடியில் ஏறப் போனால் எழுந்துவிடுவார். மேசையில் எங்களோடு இருந்தாலும் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சாப்பிடுவார்.

அம்மாவுக்கு அது உள்ளுக்குள் குத்தியது. அவர் வீட்டிலிருந்தே கோட்டுகளுக்கு உட்துணி தைப்பவர். மெஷினை மிதித்தபடியே ஒருநாள் அப்பாவிடம் சொன்னார்.

"உங்கட ஆக்களுக்கு எங்கட வீட்டுக் கோப்பையில வாய் வைக்க அருவருப்பாக்கும்."

"சும்மா இரும்" என்றார் அப்பா.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை பத்து மணிக்குச் சித்தப்பா வெளியே போவார். கேட்டால், "கிளாஸ்" என்பார். புத்தகம் கொண்டுபோக மாட்டார்.

விடுமுறை தொடங்கிய முதல் கிழமையிலேயே மச்சாள் முடிவு கட்டிவிட்டாள். "உவர் ஸ்பை. தனிப் பிளேட் ஏன்? ஆரும் நஞ்சு வைச்சிடுவினம் எண்டு பயம்." பந்தயம் அங்கேதான் தொடங்கியது. யாருடைய ஆளின் முறை நல்ல முறை என்று பார்த்துவிடுவோம். அவள் கோட்டுக்காரன் முறையில் பின்தொடர வேண்டும், நான் மழைக்கோட்டுக்காரன் முறையில். கண்டதை எழுத ஆளுக்கொரு கொப்பி. செவ்வாய்க்கிழமை பின்னேரம் தங்கச்சி முன்னால் வாசிக்க வேண்டும். யாருடையது நல்லது என்று அவள் சொல்வாள்.

முதல் செவ்வாய் மச்சாளின் முறை. அவள் கண்டது இவ்வளவுதான்: சித்தப்பா கால் மணி நேரம் நடந்து, ஒரு செங்கல் கட்டடத்தின் பக்கவாசலால் போனார். அங்கே ஒரு சின்ன யன்னல். கடதாசிப் பையிலிருந்து சின்னப் போத்தல் ஒன்றை எடுத்து, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண்ணிடம் கொடுத்தார். அவள் அதைக் கையுறை போட்ட கையால் வாங்கினாள். மச்சாள் வாசித்தபோது அந்தப் பெண்ணுக்குப் பொன் தலைமயிரும் இடுப்பில் துவக்கும் இருந்தன. போத்தல் பச்சை வெளிச்சம் விட்டது. கட்டடத்துக்குக் கீழே சுறா மீன்கள் நீந்தின. தங்கச்சி வாயைத் திறந்தபடி கேட்டாள்.

அடுத்த செவ்வாய் நான் போனேன். உண்மையைச் சொன்னால் நல்ல வேலைதான் செய்தேன். அவர் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார், எழுதினேன். ஒரு கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார், எழுதினேன். பக்கவாசலுக்குள் போனவர் ஒரு மணி நேரம் வாங்கில் உட்கார்ந்திருந்தார், கதவின் கண்ணாடியால் முதுகு தெரிந்தது. வெளியே வந்து வீட்டுக்கு நடந்தார். ஒரு சொல் கூட்டாமல் அதை வாசித்தேன்.

தங்கச்சி கொட்டாவி விட்டாள். "பிறகு?"

"பிறகு வீட்டை வந்திட்டார்."

"அவ்வளவுதானோ?" மச்சாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அந்தச் சிரிப்பை எனக்குத் தாங்க முடியவில்லை. "இல்லை" என்றேன். "வாசல்ல ஒரு கறுப்புக் கார் நிண்டது. முன்னுக்குச் சின்னக் கொடி கட்டின கார். சித்தப்பா குனிஞ்சு அதில இருந்த ஆளோட கதைச்சவர்."

தங்கச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்று நான் வென்றேன்.

மச்சாளின் சுறாவையும் துவக்கையும் தங்கச்சியே முழுதாக நம்பவில்லை. என் காரில் பச்சை வெளிச்சம் இல்லை, வெடி இல்லை. தெருவில் நிற்கக்கூடிய கார். அதனால்தான் அது அவள் மனதில் நின்றது.

இதற்கிடையில் இன்னொன்றும் கண்டோம். சித்தப்பா தன் அறையில் மெத்தைக்குக் கீழிருந்து பெரிய மண்ணிற உறை ஒன்றை எடுத்தார். உள்ளிருந்து ஒரு கறுப்புத் தாளை உருவி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். முழுதாகத் திறக்காத அந்தக் கதவின் இடுக்கால் பார்த்தோம். "படம்" என்று மச்சாள் என் காதுக்குள் சொன்னாள். "இரகசிய இடத்தின்ர படம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் தங்கச்சி கேட்டாள். "அப்பா, சித்தப்பாவின்ர சிநேகிதரின்ர காரில ஏன் கொடி?"

சித்தப்பா அப்போது வீட்டில் இல்லை. அப்பா சோற்றைக் குழைத்த கையை எடுக்காமல் அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கே? எப்போது? யார் கண்டது? அவள் என்னைக் காட்டினாள். நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். ஆட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

அந்த மாதங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். இங்கேயிருந்து யாரோ கொழும்பு அரசாங்கத்துக்கு ஊராட்களின் பெயர்களைக் கொடுக்கிறார்களாம், அதனால் ஊரில் பிள்ளைகளைப் பிடிக்கிறார்களாம் என்று ஒரு பேச்சு வீடு வீடாக உலவியது. உண்மையோ பொய்யோ, ஒருவர் மீது அந்தச் சந்தேகம் விழுந்தால் பிறகு அவருக்கு லண்டனில் ஒரு தமிழ் வீட்டுக் கதவும் திறக்காது. அதைவிட மோசமாகவும் நடக்கலாம். அப்பாவின் தாய் தகப்பன் ஊரில் இருந்தார்கள். கொடி கட்டிய கார் என்றால் எங்கள் வீட்டில் அது அரசாங்கத்தின் கார்.

அப்பா பெற்றோல் நிலையத்தில் வேலை. அன்று பின்னேர ஷிப்டுக்குப் போகுமுன் சித்தப்பாவைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். நான் படியில் இருந்து கேட்டேன்.

"ஆவணியில ஒரு கொலிஜ்ஜிலயும் கிளாஸ் இல்லை. எனக்கு எல்லாம் தெரியும்."

சித்தப்பா "தெரிஞ்சிட்டுதோ அண்ணை" என்றார்.

"எவ்வளவு காலமா?"

"சித்திரையில இருந்து."

"பிள்ளையள் இருக்கிற வீடெண்டு யோசிக்கேல்லையே நீ?"

"அதையேதான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். நித்திரையும் இல்லை."

"ஆருக்கெல்லாம் குடுத்தனி?"

"தெரியாது அண்ணை. இந்த வீட்டில ஒருத்தருக்கும் குடுக்கேல்லை எண்டுதான் நம்பிறன். கவனமாத்தான் இருந்தனான்."

"நாளைக்கு நான் வேலையால வரேக்க நீ இஞ்ச இருக்கக் குடாது."

"ஓம் அண்ணை. நான் முதலே போயிருக்க வேணும்."

காரை உண்டாக்கியது நான். கொடியைக் கட்டியதும் நான். அப்படியிருக்க, சித்தப்பா ஏன் ஒப்புக்கொள்கிறார்? நான் பொய் சொன்னதாலேயே அது உண்மையாகிவிட்டதா? அன்று மாலை மச்சாளிடம் சொன்னேன். "சொல்லிப்போடு" என்றாள். "இப்பவே போய் உன்ர அம்மாவிட்டைச் சொல்லு." நான் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை சித்தப்பாவின் அறையில் சூட்கேஸ் பூட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் கால்கள் நகர்ந்தன.

அம்மா மெஷினில் இருந்தார்.

"அம்மா, கார் இல்லை."

"என்ன கார்?"

"கொடி கட்டின கார். நான் சும்மா சொன்னது. சித்தப்பா ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. தனிய வாங்கில இருந்திட்டு வந்தவர்."

மெஷின் நின்றது. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஊசியிலிருந்து துணியை எடுத்து மடித்து வைத்தார், நூலை வெட்டினார், எழுந்து மேலே போனார். நான் பின்னால் போனேன்.

சித்தப்பா கட்டிலில் இருந்தார். பக்கத்தில் சூட்கேஸ். அதன் மேல் பழைய பத்திரிகையில் சுற்றிய பிளேட்டும் கோப்பையும்.

"தம்பி, செவ்வாய்க்கிழமையில நீர் எங்க போறனீர்?" என்று அம்மா கேட்டார்.

"அண்ணைக்குத் தெரியும்தானே, அண்ணி."

"அண்ணைக்கு ஒண்டும் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சது இவள் சொன்ன பொய். நீர் சொல்லும்."

அவர் மெத்தைக்குக் கீழிருந்த உறையை எடுத்துக் கொடுத்தார். அம்மா அந்தக் கறுப்புத் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். விலா எலும்புகள் தெரிந்தன. ஒன்பது வருடத்துக்கு முன் கொழும்பில் எடுத்த எக்ஸ்ரே. அவருடைய தாய் தபாலில் அனுப்பியது. சித்திரையில் இருமல் நிற்காததால் இங்கே டொக்டர் அவரை நெஞ்சு நோய் கிளினிக்குக்குக் கிழமைக்கொருதரம் வரச் சொல்லியிருக்கிறார். அந்தப் போத்தலில் இருந்தது சளி. படத்தில் ஒரு நிழல் தெரிகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார்களாம். மிச்சம் அவருக்கு விளங்கவில்லை. பழைய படத்திலும் அதே நிழல் இருந்ததால், காசநோய் தனக்கு ஒன்பது வருடமாக இருக்கிறது என்று தானே முடிவு கட்டிவிட்டார். அதைக் கிளினிக்கில் காட்டவே பயந்துபோய் மெத்தைக்குக் கீழே வைத்திருந்தார்.

"அப்ப அந்தப் பிளேட்?" அம்மாவின் குரல் மாறிவிட்டது.

"பிள்ளையளுக்குத் தொத்தினாலும் எண்டு, அண்ணி."

அம்மா பத்திரிகையைப் பிரித்தார். பிளேட்டையும் கோப்பையையும் எடுத்துக்கொண்டு கீழே போய், எங்களுடைய பிளேட்டுகளோடு சேர்த்துக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். குழாய் ஓடிய சத்தத்தில் அவர் அழுதது எங்களுக்குக் கேட்கக் கூடாது என்றிருக்கலாம்.

வேலை முடிந்து வந்த அப்பா எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார். அவருடைய பயம் இப்போது வேறு. முதல்நாள் ஷிப்டில், கூட வேலை செய்பவர் ஒருவரிடம் மனம் தாங்காமல் சொல்லிவிட்டாராம். அந்த மனிதர் நேரே சவுத்தாலுக்குத் தன் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே கலியாண வீடு. நூறு பேர் கூடும் இடம். தொலைபேசி இலக்கம் தெரியாது. செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் திரும்பி வருவார்.

"வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன்" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. என்னை அவர் ஏசவில்லை. தானும் என்னைப் போலத்தான் என்று நினைத்தாரோ என்னவோ.

அம்மா எவ்வளவு சொல்லியும் சித்தப்பா சூட்கேஸைத் திறக்கவில்லை. அதைக் கீழே வாசலோரம் கொண்டுவந்து வைத்துவிட்டார். "செவ்வாய்க்கிழமை மறுமொழி சொல்லுவினம், அண்ணி. தெரிஞ்ச பிறகு பாப்பம்."

செவ்வாய் காலை எல்லோரும் போனோம். முன்வாசலால் போனபோதுதான் பலகையைக் கண்டேன். 'நெஞ்சு நோய் கிளினிக்' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. நானும் மச்சாளும் ஒருநாள் அந்தப் பக்கம் வந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

டொக்டர் நரைத்த தலை வெள்ளைக்காரப் பெண். என்னைத் தன் பக்கத்தில் நிற்கச் சொன்னார், மொழிபெயர்க்க. அம்மா கொடுத்த கொழும்புப் படத்தையும் தாங்கள் எடுத்த படத்தையும் வெளிச்சப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, நான் விளங்கிக்கொள்ளும்படி பேசினார். என் வாழ்க்கையில் ஒருவருடைய சொல்லை அவ்வளவு கவனமாக நான் தூக்கிக்கொண்டு போனதில்லை. ஒன்றும் கூட்டக் கூடாது, ஒன்றும் சிந்தக் கூடாது.

"சளியில கிருமி இல்லையாம். ரெண்டு படத்திலயும் அந்த நிழல் ஒரே இடத்தில, ஒரே அளவில இருக்காம். ஒன்பது வருசமா வளரேல்லையாம். அது நோய் இல்லை. அது…"

அடுத்த சொல்லுக்கு எனக்குத் தமிழ் தெரியவில்லை. காலைத் தூக்கி, முழங்காலில் முன்பு விழுந்து அடிபட்டு ஆறிப்போன அடையாளத்தைக் காட்டினேன்.

"தழும்பு" என்றார் சித்தப்பா.

"ஓம். தழும்பு. எப்பவோ வந்து தானா ஆறினதாம். ஆருக்கும் தொத்தாதாம். இருமல் அறை ஈரத்தாலயாம்."

அவர் அந்தச் சொல்லை இன்னொருமுறை தனக்குத்தானே சொன்னார். பிறகு எழுந்து நின்று, டொக்டருக்குக் கை கொடுப்பதா கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். தெருவுக்கு வந்ததும் அம்மா அவருடைய முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டார். "இதை வாயைத் திறந்து சொல்ல ஏலாமல் போச்சோ உமக்கு?" வலித்திருக்கும். சித்தப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அப்பா மட்டும் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, அப்படியே தன் சிநேகிதர் வீட்டுப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

பின்னேரம் நாலு மணியளவில் திரும்பி வந்தார். அம்மா வாசலிலேயே கேட்டார். "என்னவாம்?"

"ஒருத்தரிட்டையும் சொல்லேல்லையாம்." அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "நீ கோவத்தில கதைச்சனி, நீயே வந்து இல்லையெண்டு சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான் எண்டார்."

சப்பாத்தைக் கழற்ற மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்தார். ஒன்றைக் கழற்றினார். மற்றதின் நாடாவில் கை இருக்கும்போதே தலை சுவரில் சாய்ந்தது. நாலு நாளாக அவர் கண் மூடியிருக்கவில்லை. அம்மா தேத்தண்ணியோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சித்தப்பா வாசலோரம் இருந்த சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு படியேற வந்தார். அப்பா படியின் குறுக்கே கால் நீட்டிச் சாய்ந்து கிடந்தார். தங்கச்சி ஏற்கெனவே அவரைத் தாண்டி இரண்டு தரம் ஏறி இறங்கியிருந்தாள்.

"கடந்து போங்கோ சித்தப்பா, அப்பா எழும்ப மாட்டார்" என்றேன்.

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மூத்தவரைக் காலால் கடக்க அவருக்கு மனம் வரவில்லை. சூட்கேஸைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் கால்மாட்டில் ஒரு படி கீழே உட்கார்ந்தார். பாதி கழன்றிருந்த மற்றச் சப்பாத்தை மெதுவாக உருவி எடுத்து ஓரமாக வைத்தார்.

"அண்ணை எழும்பட்டும்" என்றார். "எனக்கென்ன அவசரம்?"